மீன் வண்டியின் நீலப் பைப்

எங்கள் பக்கத்தில் துருவே பிடிக்காத பழைய பிரேக் பைப்பைப் பார்த்தால் சந்தோஷப்படாதீர்கள். பயப்படுங்கள்.

பிரேக் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் ஏதாவது பேசச் சொல்லி என் பழைய பட்டறையிலிருந்து கூப்பிட்டார்கள். எழுதியே கொடுத்துவிடுகிறேன் என்று சொன்னேன். பேச ஆரம்பித்தால் எங்கெங்கோ போய்விடுவேன் என்பது என்னோடு வேலை செய்த எல்லோருக்கும் தெரியும். எழுதினாலும் போவேன்தான், ஆனால் நீங்கள் கொட்டாவி விடுவது என் கண்ணில் படாது.

ஹோஸை எப்படிக் கழற்றுவது, லைனில் இருக்கும் காற்றை எப்படி எடுப்பது, எந்த நட்டை எவ்வளவு இறுக்குவது என்று சொல்லித்தர உங்களுக்கு ஆள் இருக்கிறார்கள். போதாததற்குப் போன் வேறு இருக்கிறது. அதையெல்லாம் நான் தொடப் போவதில்லை. வேலை முடிந்துவிட்டது, வண்டிக்காரர் சாவிக்குக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார், அப்போது பார்த்து உங்கள் மனசு ‘கொஞ்சம் பொறு’ என்று முனகும். அந்த ஒரு நேரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நான் வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் ஏரியாவில் நடக்கப் பழகும்போதே பந்தையும் உதைக்கப் பழகிவிடுவோம். காற்று இறங்கிய பந்தை உதைத்துப் பார்த்திருக்கிறீர்களா? நீங்கள் கொடுத்த வேகத்தில் பாதியை அது தானே வாங்கி வைத்துக்கொள்ளும். பழைய ரப்பர் ஹோஸ் போட்ட பிரேக்கும் அப்படித்தான். மிதிக்கிற அழுத்தத்தில் ரப்பர் கொஞ்சம் உப்பும். பெடல் கீழே போய்க்கொண்டே இருக்கும், வண்டி அப்புறம்தான் யோசிக்கும். மேலே ஸ்டீல் கம்பி பின்னிய ஹோஸ் அப்படி உப்பாது. நிறையக் காற்றடித்த பந்து மாதிரி, கால் பட்டவுடனே பதில் வரும். சிவப்பு நட்டு வெளியே தெரிகிற மாதிரி அதை மாட்டிக்கொண்டு எண்ணூர் நெடுஞ்சாலையில் பந்தா காட்டும் பையன்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கு அது அலங்காரம். நான் சொல்லப் போகிற ஆளுக்கு அது பிழைப்பு.

அவன் பெயர் சவரிமுத்து. நீங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிட வேண்டும். அவன் இவன் என்று எழுதுகிற உரிமை எனக்கு மட்டும். காசிமேட்டில் விசைப்படகில் போய்க்கொண்டிருந்தவன். கடலில் ஒருநாள் வலை இழுக்கும் வின்ச்சில் சுற்றிக்கொண்டிருந்த கயிறு தெறித்து வலது காலில் அடித்துவிட்டது. உள்ளே கம்பி வைத்துக் காலைக் காப்பாற்றினார்கள். நன்றாக நடப்பான், நிற்பான், சண்டைக்கும் போவான். கணுக்கால் மட்டும் ஓர் அளவுக்கு மேல் மடங்காது. ஆடுகிற படகில் அந்தக் காலோடு நிற்க முடியாது என்று ஆனபோது, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு ஒரு சின்ன மீன் வண்டியை வாங்கி ஓட்ட ஆரம்பித்தான்.

பழைய வண்டி. பிரேக் பெடல் பஞ்சு மாதிரி. மடங்காத கணுக்காலோடு அவ்வளவு ஆழம் மிதிக்க முடியாமல், பாதி மிதித்து விட்டு, மறுபடி மிதித்துத்தான் வண்டியை நிறுத்துவான். துறைமுகத்தில் மற்ற வண்டிக்காரர்கள், “இன்னா சவரி, வண்டி ஓட்றியா, தையல் மிஷின் மிதிக்கிறியா?” என்று கலாய்ப்பார்கள். அவனும் சிரிப்பான். வீட்டுக்குப் போய்ச் சிரிக்க மாட்டான். ‘இதுவும் முடியலேன்னா வண்டிய வித்துட்டு எங்கனாச்சும் வாட்ச்மேனா போய்டறேன்’ என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறான். கடலில் நின்ற மனுஷன், ஒரு கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவதை அவள் நினைத்துப் பார்க்கவே மாட்டேன் என்றாள்.

அந்த மனைவிதான் ரெஜினா. ராயபுரத்துக்காரி. மீன் மார்க்கெட்டில் பழகிய குரல். மெதுவாகப் பேசினாலே ரயில்வே கேட்டைத் தாண்டிக் கேட்கும். ஒரு நாள் காலையில் சவரியையும் வண்டியையும் கிளப்பிக்கொண்டு, ஸ்டீல் பின்னல் ஹோஸ்கள் இருந்த பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் பட்டறைக்கு வந்து இறங்கினாள். அதுவரை அந்த வண்டியில் நான் கை வைத்ததில்லை.

“அண்ணா, இத்த மாட்டினா பெடலு கல்லு மாதிரி நிக்குமாமே. என் தம்பி சொன்னான். சாய்ந்தரத்துக்குள்ள முடிச்சுக் குடுத்துடுங்க. நாளைக்கு வண்டி இல்லேன்னா நாங்க பேஜாராய்டுவோம்.”

அவள் மிகைப்படுத்தவில்லை. மீன்பிடித் தடைக்காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. கடலுக்குப் போன படகுகள் மறுநாள் விடியலில் கரை திரும்பப் போகின்றன. பெரிய வியாபாரி ஒருவர் முதல் சரக்கை ஏற்றச் சவரியிடம் சொல்லி வைத்திருந்தார். அங்கே ஒரு வழக்கம் உண்டு. தடை முடிந்து முதல் நாள் எவன் வண்டி சரக்கு ஏற்றுகிறதோ, அவனுக்குத்தான் அந்த வியாபாரியிடம் அந்த சீசன் முழுக்க வேலை. ராசி என்பார்கள். முதல் நாள் வராத வண்டியை அப்புறம் யாரும் தேட மாட்டார்கள்.

ஹோஸ் மாட்டுவதில் ஒரு பிரச்சினையும் வரவில்லை. சாயங்காலம் காற்றை எடுத்து முடித்துச் சவரியை ஏறி மிதிக்கச் சொன்னேன். மிதித்தான். கால் கொஞ்ச தூரம்தான் போனது, பெடல் கெட்டியாக நின்றது. மறுபடி மிதித்தான். கண்ணை மூடிக்கொண்டு மிதித்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். அந்த முகத்தை இப்போது நினைத்தாலும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

“மாமு, தரையில கால் ஊன்னா மாதிரி கீது மாமு!”

“போதும் எறங்கு. தேஞ்சிடப் போவுது” என்றாள் ரெஜினா. சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

பட்டறை முதலாளி சாவியை எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டார். நான் அடியில் கிடந்த சாமான்களை எடுக்கக் குனிந்தவன், விளக்கைப் பிடித்துக் கடைசியாக ஒரு முறை பின் பக்கம் பார்த்தேன். முன்னாலிருந்து பின் சக்கரங்களுக்குப் போகிற இரும்பு பிரேக் பைப் நீலமாக இருந்தது. அழகான நீலம். ஒரு பொட்டுத் துரு இல்லை.

காலையிலிருந்து அது என் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தது. பின்னால் ஹோஸ் மாட்டின இடத்தில் நட்டுகளைச் சுற்றிப் பெயிண்டைச் சுரண்டியும் இருந்தேன், அங்கே பைப் நல்லபடியாக இருந்தது. அந்த இடத்தில் மீன் பெட்டி இல்லை. இப்போது விளக்கு போன இடம் மீன் பெட்டிக்கு நேர் கீழே. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை காற்றிலேயே உப்பு. மீன் வண்டியென்றால் கேட்கவே வேண்டாம், ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் நாள் முழுக்கச் சொட்டிக்கொண்டே இருக்கும். அந்த இடத்தில் ஒரு பழைய பைப் இவ்வளவு பளிச்சென்று இருக்க முடியாது.

“பெயிண்ட் யாரும்மா அடிச்சது?”

“நான்தான்!” என்றாள் ரெஜினா, பெருமையாக. “ஒவ்வொரு தடைக்காலத்துக்கும் என் தம்பி மீன்புடி போட்டுக்கு அடிச்சிட்டு மிச்சம் குடுப்பான். நானே அடியில படுத்துகினு அடிப்பேன். ஒரு எடம் வுட மாட்டேன். இவருக்கு இப்போ இதான போட்டு.”

நீங்கள் படகு வேலை பார்த்திருந்தால் உங்களுக்குப் புரியும். படகில் பெயிண்ட் அடிக்காமல் ஒரு விரல் இடம் விட்டால் அது சோம்பேறித்தனம். கடல் அந்த இடத்தைத்தான் தின்னும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவள் வண்டிக்கும் அதையே செய்திருக்கிறாள். பிரேக் பைப்புக்கும் சேர்த்து, வருஷா வருஷம், ஒரு கோட்டுக்கு மேல் இன்னொரு கோட்டாக. உள்ளே புகுந்த உப்பு வெளியே வர வழி இல்லை. பைப்பின் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க எனக்கும் வழி இல்லை.

இங்கேதான் உங்களை நான் கொஞ்ச நேரம் உட்கார வைக்க விரும்புகிறேன். பெடல் நன்றாக இருக்கிறது. எங்கேயும் கசிவு இல்லை. கேட்ட வேலை முடிந்தது. வண்டிக்காரன் முகத்தில் சிரிப்பு, மனைவி கையில் சாவி. பைப்பைப் பற்றி உங்களை யாரும் கேட்கவும் இல்லை. முதலாளியும் என் காதருகே வந்து அதையே சொன்னார். “ஹோஸ் மாத்தச் சொன்னாங்க, மாத்தியாச்சு. விடியறதுக்குள்ள அவங்க போவணும். நீ வேற எதையும் நோண்டாத.” அவர் கெட்டவர் இல்லை. அவர்கள் பிழைப்பை நினைத்துத்தான் சொன்னார்.

பின் பைப் போனால் என்ன, முன் பிரேக் தனியாக வேலை செய்யுமே என்று உங்களில் யாராவது இப்போது புத்திசாலித்தனமாக நினைத்திருப்பீர்கள். நானும் நினைத்தேன். செய்யும். ஆனால் பெடல் பாதிக்கு மேல் கீழே இறங்கிய பிறகுதான் செய்யும். அந்த ஆழத்துக்கு எட்டுகிற கால் சவரியிடம் இல்லை. உங்களுக்கும் எனக்கும் அது ஒரு திடுக்கிடல். அவனுக்கு அது பிரேக்கே இல்லாத வண்டி. பின்னால் வண்டி நிறைய மீன், முன்னால் கன்டெய்னர் லாரி.

பைப்பை ஆணியால் சுரண்டிப் பார்த்திருக்கலாம். மோசமாக இருந்து சுரண்டும்போதே ஓட்டை விழுந்தால், ‘நல்லாயிருந்த பைப்பைக் குத்திட்டார்’ என்பார்கள், அந்தச் சந்தேகம் அவர்கள் மனசில் என்றைக்கும் இருக்கும். நானே ஏறி மிதித்தாலும் அதே கதைதான். வண்டி யாருடையதோ அவன் காலுக்குத்தான் உண்மை தெரிய வேண்டும் என்று தோன்றியது. சவரியை மறுபடி ஏறச் சொன்னேன்.

“ரோட்ல ஒரு கொழந்த குறுக்க ஓடியாந்தா எப்படி மிதிப்பியோ, அப்படி மிதி.”

மிதித்தான். பெடல் நின்றது.

“பாத்தீங்களாண்ணா? சோக்கா கீது. சும்மா சந்தேகப்பட்டுகினு” என்றாள் ரெஜினா.

“இன்னொரு தபா. பலமா.”

அதுவும் நின்றது. முதலாளி வாட்சைப் பார்த்தார். எனக்கே வெட்கமாகத்தான் இருந்தது. எத்தனை தடவை கேட்பது? ஆனாலும் கேட்டேன். “சவரி, கடைசியா ஒண்ணு. அந்தக் கொழந்த உன் பொண்ணுன்னு நெனச்சுக்கோ.”

அவன் சீட்டில் முதுகை முட்டுக்கொடுத்து மிதித்தான். அடியில் டப்பென்று ஒரு சின்னச் சத்தம். பெடல் தரைக்குப் போனது, அதன் பின்னாலேயே அவன் காலும் போனது. மடங்காத கணுக்கால் மடங்கி, அவன் ‘அம்மா’ என்று கத்திய கத்தலில் பக்கத்து லேத் பட்டறையில் மிஷினை நிறுத்திவிட்டு ஓடி வந்தார்கள்.

ரெஜினா என்னை விட்டுவைக்கவில்லை. “நல்லா கீறத கெடுத்துட்டீங்களே! அந்தாளு காலையும் ஒடச்சிட்டீங்களே!” இன்னும் என்னென்னமோ சொன்னாள். மார்க்கெட் வார்த்தைகள், இங்கே எழுத முடியாது. நான் விளக்கை எடுத்து அடியில் காட்டி, வா என்றேன். திட்டிக்கொண்டேதான் குனிந்தாள்.

மீன் பெட்டிக்கு நேர் கீழே நீலத் தோல் கிழிந்து பிரேக் ஆயில் ஒழுகிக்கொண்டிருந்தது. கட்டை விரலால் அந்த இடத்தைத் தள்ளினேன். பெயிண்ட் சட்டைக் கை மாதிரி அப்படியே உருவிக்கொண்டு வந்தது. உள்ளே இருந்தது இரும்பு இல்லை, செம்மண் மாதிரி துருத்தூள். எத்தனையோ நாளாக அந்த இடத்தில் பாதி பிரேக்கைத் தாங்கிக்கொண்டிருந்தது பெயிண்ட்தான்.

ரெஜினா திட்டுவதை நிறுத்திவிட்டாள். துருத்தூளைத் தொட்டுப் பார்த்தாள். தன் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு பெரிய குரல் எங்கே போனதோ, பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாள். “நானாண்ணா பண்ணேன்?”

மேலே சீட்டிலிருந்து சவரி வலியோடு கத்தினான். “மாமு, அவள ஒண்ணும் சொல்லாத! கம்முனு வேலையப் பாரு!”

தம்பிகளே, பைப்பை உடைத்ததுகூட அன்று எனக்குச் சுலபமாக இருந்தது. இந்தக் கேள்விதான் கஷ்டம். ‘சேச்சே, உனக்கும் இதுக்கும் சம்பந்தமில்லம்மா’ என்று சொல்ல நாக்கு நுனியில் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அடுத்த தடைக்காலத்தில் மறுபடி அடித்திருப்பாள். ‘ஆமாம்’ என்று மட்டும் சொல்லியிருந்தால் அன்றோடு அந்த வண்டியைத் தொடப் பயந்திருப்பாள். ஒருத்தியின் ஆசையை எப்படித் தப்பு என்று சொல்வது?

“துரு வந்தது ஐஸ் தண்ணியால. நீ பெயிண்ட் அடிக்கலேன்னாலும் வந்திருக்கும்” என்றேன். “அடிச்சதால நம்ம கண்ணுக்குத் தெரியாம போச்சு. உன் கையில நடந்தது அவ்ளோதான். அதுக்கு மேல பழிய எடுத்துக்காத. அதுக்குக் கொறச்சும் எடுத்துக்காத.”

அவள் தலையை ஆட்டினாள். புரிந்ததா, என்னை நிறுத்தச் சொன்னாளா என்று அப்போது தெரியவில்லை.

அடுத்தது முதலாளி. அந்தத் துண்டை மட்டும் வெட்டிவிட்டு ஜாயிண்ட் போட்டு அனுப்பிவிடலாம், விடியலுக்குப் போய்விடும் என்றார். சவரியும் அதையே பிடித்துக்கொண்டான். வீங்கிய காலைப் பிடித்துக்கொண்டே, “ஜாயிண்ட் போட்டு வுடு மாமு. நான் மெதுவா ஓட்டிகினு போய்டறேன்” என்றான்.

‘மெதுவாகப் போகிறேன்’ என்று சொல்லாத வண்டிக்காரரை என் சர்வீசில் நான் பார்த்ததில்லை. நீங்களும் தினமும் கேட்பீர்கள். மெதுவாகப் போகிற வண்டியும் நிற்க வேண்டும். அவர்கள் கெஞ்சும்போது உங்களுக்கு மனசு இளகும், இளகட்டும். கை இளகக் கூடாது. “ஒரு எடத்துல நமக்குத் தெரிஞ்சிடுச்சு. மிச்ச நீளத்துக்கும் அதே பெயிண்ட்தான். முழுசா மாத்தாம வண்டி வெளிய போவாது” என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது. நான் சம்பளக்காரன். முதலாளி முகம் சிவந்து போனது.

சாவி ரெஜினாவிடம் இருந்தது. அவள் எழுந்து வந்து அதை என் கையில் வைத்தாள்.

“முழுசா மாத்துங்கண்ணா.”

“ஏய், நாளைக்கு...” என்று சவரி ஆரம்பித்தான்.

“நாளைக்கு மீனு எவன் வண்டியிலனா போவட்டும். நீ கோவமா வந்தாலும் சரி, பட்டினியா வந்தாலும் சரி, வூட்டுக்கு வா. எனக்கு அது போதும்” என்றாள். இவ்வளவு பேர் நடுவில் அதைச் சொல்லிவிட்டோமே என்று அவளுக்கே கூச்சம் வந்திருக்க வேண்டும். “இன்னா பாத்துகினு கீற? கால நீட்டு, ஐஸ் வெக்கறேன்” என்று ஒரு அதட்டல் போட்டாள்.

மறுநாள் படகுகள் கரைக்கு வந்தன. சவரி எங்கள் பட்டறையில் காலில் துணியைச் சுற்றிக்கொண்டு ஒரு டிரம்மின் மேல் உட்கார்ந்திருந்தான். துறைமுகத்திலிருந்து போன் அடித்துக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்துக்கு அப்புறம் அடிப்பது நின்றுவிட்டது. அது இன்னும் மோசமாக இருந்தது. நான் உப்புக்கு அசையாத செம்பும் நிக்கலும் கலந்த பைப்பை வளைத்து, முன்னாலிருந்து கடைசி வரை புதிதாகப் போட்டேன். டீ வாங்கிக் கொடுத்தேன், குடித்தான். வேலை முடிந்ததும் வண்டியை எடுத்தான். பட்டறை வாசலில் நாய் ஒன்று குறுக்கே வந்தது. வண்டி நின்ற நேர்த்தியைப் பார்த்து எனக்கு விசிலடிக்கத் தோன்றியது. அவன் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

அந்த வியாபாரி அந்த சீசன் முழுக்க அவனைக் கூப்பிடவில்லை. கொருக்குப்பேட்டை, எர்ணாவூர் என்று சில்லறைச் சரக்கு ஓட்டிச் சமாளித்தான். ஜாயிண்ட் போட்டு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் ஆகாமலும் போயிருக்கலாம். இந்தத் தொழிலில் நமக்குக் கடைசி வரை தெரியாது, இதைப் பழகிக்கொள்ளுங்கள். சரியாகச் செய்த வேலைக்குச் சாட்சி வராது. திட்டு வரும். நான் பல நாள் சாப்பிடும்போது அந்த டிரம்மில் உட்கார்ந்திருந்தவனை நினைத்துச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்திருக்கிறேன்.

அடுத்த வருஷம் தடைக்காலம் முடிகிற சமயம், நான் வேறொரு வண்டியின் அடியில் இருந்தேன். ரயில்வே கேட்டைத் தாண்டிக் கேட்கும் குரல் பட்டறைக்குள்ளேயே கேட்டது.

“அண்ணா! வெளிய வாங்க!”

நீல வண்டி நின்றிருந்தது, புதுப் பெயிண்ட் வாசனையோடு. சவரி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, “இவ தொல்ல தாங்கல மாமு. வந்து பாத்துட்டு அனுப்பு” என்றான். ரெஜினா என்னை அடியில் பார்க்கச் சொன்னாள். நான் படுத்தேன். அவளும் பக்கத்தில் முட்டி போட்டாள்.

சேஸிஸ், பெட்டியின் அடிப்பாகம், ஸ்பிரிங் எல்லாம் நீலம். ஒரு விரல் இடம் விடவில்லை. பிரேக் பைப் மட்டும் முன்னாலிருந்து பின்னால் வரை வெறும் உலோகமாக ஓடியது, துடைத்து வைத்த மாதிரி. பழைய புடவையைக் கிழித்து நீளம் முழுக்கச் சுற்றிக் கட்டிவிட்டு, பெயிண்ட் காய்ந்ததும் அவிழ்த்திருக்கிறாள். ஆக்ஸிலுக்குப் பின்னால் ஒரு துண்டை அவிழ்க்க மறந்துவிட்டாள். பூப்போட்ட துணி. நான் அதை அவிழ்த்து அவளிடம் கொடுத்தேன்.

இந்தப் புது பைப்புக்குப் பெயிண்ட் அடித்தாலும் துருப்பிடிக்காது, இவ்வளவு சிரமம் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

“வண்டி முழுக்க நான் அடிச்சேன். அது மட்டும் நீங்க பாக்கறதுக்கு வுட்டு வெச்சேன். தெரியுதாண்ணா?” என்றாள்.

“தெரிது” என்றேன்.

அதற்கப்புறம் நான் ஓய்வு பெறுகிற வரை ஒவ்வொரு தடைக்காலம் முடியும்போதும் அந்த வண்டி வந்தது. இனி உங்களிடம் வரும். நீல வண்டி, அடையாளம் கேட்க வேண்டாம், அவள் குரல் முதலில் வரும். வெளியிலிருந்து குனிந்து டார்ச் அடித்துவிட்டு ‘சரி’ என்று சொல்லிவிடாதீர்கள். அடியில் படுங்கள். முன்னாலிருந்து பின்னால் வரை விரலை ஓட்டிக்கொண்டே போங்கள். தெரியுதா என்று கேட்பாள். கடைசி நட்டு வரை பார்த்த பிறகு, தெரியுது என்று சொல்லுங்கள்.